முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை

ஒன்பதே காலுக்கு
வேலூர் ரோட்டு ஆபீஸ் ஷட்டரைத் தூக்கி
கம்ப்யூட்டரைத் தட்டினேன்.
யாரோ ஒருத்தரின் வாசல் திறந்தது.

சக்கரம் சுற்றுகிறது. பரிசு விழுகிறதாம்.
பத்து லட்சமாவது ஆள் நான்தானாம்.
நேற்றும் நான்தான் பத்து லட்சமாவது ஆள்.
முந்தாநாளும்.
கீழே ஒரு தேடல் பெட்டி,
கேசிங் பைப் விலை கேட்டாலும்
முதலில் கடன் தருகிறேன் என்கிறது.

ராய்ப்பூருக்கு அப்பால் ஏதோ ஒரு காட்டில்
எங்கள் மூணாம் நம்பர் ரிக்.
குப்புராசு அண்ணன் போனில் கத்துகிறார்:
"டீசலுக்கு அறுபதாயிரம் போட்டு உடு அம்மிணி,
எரநூத்தி நாப்பதுல நிக்குது."

பேங்க் பேரைத் தேடினேன்.
முதலில் வந்ததைச் சொடுக்கினேன்.
அதே நீலம், அதே முத்திரை.
பாஸ்வேர்டு பாதியில் விரல் நின்றது.
சாமி புண்ணியம் என்று சொல்லமாட்டேன்,
பசி.
டிபன் டப்பாவை எடுக்க எழுந்து
திரும்பி வந்து பார்த்தால்
முகவரியில் கூடுதலாய் ஓர் எழுத்து,
பல்லில் மாட்டிய கீரை மாதிரி.

பணத்தைச் செல்போனில் அனுப்பிவிட்டுத்
தோண்ட ஆரம்பித்தேன்.

மேல்மண்.
அமைப்புகளுக்குப் போய் முகப்பை மாற்றினேன்.
மூடித் திறந்தால் சக்கரம்.
சரளை.
நான் வைக்காத நீட்சிகள் மூன்று:
கூப்பன், வானிலை, பேரே இல்லாத ஒன்று.
பிடுங்கினேன். சக்கரம்.
புரோகிராம் பட்டியலில் தேதி தேதியாய் இறங்கினேன்.
ஆடிப் பெருக்குக்கு மறுநாள்
ஒரே நிமிஷத்தில் நாலு பேர் குடியேறியிருக்கிறார்கள்.

அன்றைக்கு என்ன செய்தேன்?
பழைய எழுத்துருவில் கிடந்த கொட்டேஷனை
யூனிகோடுக்கு மாற்ற
இலவசமாய் ஒன்றை இறக்கினேன்.
அடுத்து, அடுத்து, சரி, அடுத்து, சரி.
டிக் எல்லாம் முன்னாடியே போட்டிருந்தது.
திருடன் சுவரேறி வரவில்லை.
கையெழுத்து என்னுடையது.

ரெண்டு வாரமாய் டீக்கடை மிதுனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்,
சார்ஜ் போடுகிற சாக்கில்
என்னத்தையோ பார்த்துத் தொலைத்தான் என்று.

நாலு பேரையும் வெளியேற்றினேன்.
சக்கரம்.
இனிப் பாறை.

குறுக்குவழிப் படத்தின் மேல் வலது சொடுக்கு, பண்புகள்.
இலக்கு என்கிற வரியின் கடைசியில்,
மேற்கோள் குறிக்கும் அப்பால்,
ஒரு வால்.
அவனுடைய முகவரி.
வீட்டை எத்தனை தரம் கழுவி என்ன,
கதவுக் கைப்பிடியிலேயே ஒட்டியிருந்திருக்கிறான்.
எழுத்து எழுத்தாக அழித்தேன்.

மூடினேன். திறந்தேன்.
ஒன்றும் வரவில்லை.

எங்கள் தொழிலில்
ஒன்றும் வராவிட்டால் தோட்டக்காரர் தலையில் கைவைத்து உட்காருவார்.
ஒன்றும் வராததற்குச் சிரித்தவள்
திருச்செங்கோட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் முதலாளி செங்கோட்டுவேல் வந்தார்.
"வேற பிரவுசர் போடறதுன்னா நல்ல வேகமானதாப் போடு புள்ள."
ஏனுங்க, ரிக்குக்கு டிரைவர் பிடிக்கையில்
வேகத்தையா கேட்கறீங்க?
எங்கே போகிறோம், கையில் எவ்வளவு ரொக்கம் என்று
டீக்கடைக்கு டீக்கடை ஒப்பிக்காதவன்,
ஆட்டம் காணும் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி
இறங்கிப் பாருங்க என்கிறவன்,
தேய்ந்த டயரைச் சொல்லாமலே மாற்றிக்கொள்கிறவன்.
அவர் மீசையைத் தடவினார்.
அப்படி ஒன்றை,
செய்தவர்களின் சொந்த முகவரியிலிருந்தே,
ஒவ்வொரு பெட்டியையும் படித்துப் படித்து இறக்கினேன்.
பதினோரு நிமிஷம்.
பாஸ்புக்கைப் பார்த்து பேங்க் முகவரியைத் தட்டிக்
குறித்து வைத்தேன்.
பாஸ்வேர்டு புதுசு.
திறந்ததும் மலைக்கோயில் படம் வரட்டுமே என்றார்.
வேண்டாமுங்க.

டீ கொண்டுவந்த மிதுன்
வெள்ளைத் திரையை எட்டிப் பார்த்தான்.
"என்னக்கா, கெட்டுப் போச்சா?"
"இல்ல சாமி, நல்லாயிருச்சு.
பன்னு ஒண்ணு எடுத்துக்க,
என்ற கணக்குல எழுதிக்கச் சொல்லு."