இரண்டு நொடி, ஐந்து லட்சம்

பூஜ்ஜியத்திலிருந்து நூறு:
ஸ்டாண்டர்டுக்கு ஐந்து புள்ளி எட்டு நொடி,
பெர்ஃபார்மன்ஸுக்கு மூன்று புள்ளி எட்டு.
காரைக்குடி ஷோரூமில் இன்னாசி
ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான்.
"இரண்டு நொடிக்கு ஐந்து லட்சம், ஆச்சி."

என் தொழிலில் எண்கள் வேறு பக்கம் ஓடும்.
நூறிலிருந்து பின்னால் எண்ணுங்க என்பேன்
மேஜையில் படுத்திருப்பவரிடம்.
தொண்ணூற்று நாலைத் தாண்டியவர்கள் குறைவு.
பள்ளத்தூர்க் கணக்கப்பிள்ளை ஒருவர் மட்டும்
தொண்ணூற்றொன்று வரை வந்து
"வட்டி" என்று சொல்லிவிட்டுத் தூங்கினார்.

சோலையப்பன் நேற்றிரவே தாளில் கோடு கிழித்துவிட்டார்.
இடப்பக்கம் சாதா, வலப்பக்கம் மற்றது.
(ஸ்டாண்டர்டை எங்கள் வீட்டில் சாதா என்கிறோம்,
தோசையைச் சொல்வது போல.)
ஒரு சார்ஜில் ஐந்நூற்றுப் பத்து கிலோமீட்டர்; நானூற்று அறுபது.
பதினெட்டு இஞ்ச் சக்கரம்; பத்தொன்பது,
அதில் டயர் அப்பளம் போல மெலிசு,
கண்டனூர் ரோட்டுச் சரளைக்கு ஒரு மாதம் தாங்காது.
இன்ஷூரன்ஸ். தேய்மானம்.
கடைசியில் சிவப்பு மையில்,
"தேவகோட்டை இருபது கிலோமீட்டர்தான், உமையாள்."
அது கணக்கில்லை. ஆனாலும் கூட்டலில் சேர்ந்திருந்தது.

முதலில் சாதாவை ஓட்டினேன்.
குறை சொல்ல ஒன்றுமில்லை என்று
சில மாப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்களே, அப்படி.

பிறகு மற்றது.
பைபாஸில் ஆளில்லாத இடம் பார்த்து
"அமுக்குங்க" என்றான் இன்னாசி.
அமுக்கினேன்.
சத்தமே இல்லை, அதுதான் வினோதம்.
சீமைக்கருவேலங்காடு மொத்தமும்
ஒற்றைப் பச்சைக் கோடாக இழுபட்டது.
பின்மண்டையை இருக்கை வாங்கிக்கொண்டது.
காலையில் குடித்த காபி
எங்கோ பின்னால், டோல்கேட் பக்கம் நின்றுவிட்டது.
அப்போது காருக்குள் ஒருத்தி சிரித்தாள்.
அடித்தொண்டையிலிருந்து, வெட்கமில்லாமல்,
ஐம்பத்து மூன்று வயதுச் சிரிப்பு.
இன்னாசி மேல்கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தான்.
அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் சொன்ன காரணம் வேறு.
ஒவ்வொரு கேஸுக்கும் அட்ரோபினை
ஒரு சிரிஞ்சில் இழுத்து லேபிள் ஒட்டி வைக்கிறேன்.
பெரும்பாலான நாள் அது அப்படியே குப்பைக்குப் போகிறது.
வீண் என்று யாராவது சொல்வார்களா?
இந்த இரண்டு நொடியும்
இழுத்து வைத்திருக்கிற மருந்துதான் என்றேன்.
சோலையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பதில் இல்லாதபோது துடைப்பார்.
வலப்பக்கத்தில் ஒரு டிக் விழுந்தது.

அழகான வாதம்.
உண்மையாகக்கூட இருக்கலாம்.
சொன்ன நான் நம்பவில்லை.

வண்டி வர ஆறு வாரமாம். வெள்ளை கிடைக்காது, சாம்பல்தான்.

இன்று ராத்திரி ஒன்றே முக்காலுக்கு போன்.
தேவகோட்டையில் சிசேரியன்,
குழந்தையின் துடிப்பு இறங்குகிறது.
பழைய டீசலைக் கிளப்பிக்கொண்டு வந்தால்
ரயில்வே கேட் அடைத்திருக்கிறது.
மூன்று புள்ளி எட்டும் ஐந்து புள்ளி எட்டும்
இங்கே வந்தால் ஒன்றுதான்,
இந்த வைக்கோல் லாரிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.
தண்டவாளத்தில் வெளிச்சம் இன்னும் தெரியவில்லை.
கால் தானாக அமுக்குகிறது.
நியூட்ரலில் வண்டி இருமுகிறது.

நூறு, என்கிறேன்.
தொண்ணூற்றொன்பது.
லாரிக்காரன் இறங்கி பீடி பற்றவைக்கிறான்.
எண்பத்தாறு.
ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன்; நர்ஸ் பேசவில்லை,
எங்கே என்று மட்டும் கேட்கிறாள்.
கேட்டில், என்கிறேன்.
அறுபத்து மூன்று.
இவ்வளவு தூரம் யாரும் வந்ததில்லை.