அவுட்டரில் நிற்கும் வண்டி

பையப்பனஹள்ளி அவுட்டரில்
இருபது நிமிஷமாக நிற்கிறது மாரிக்குப்பம் பாசஞ்சர்.
மேற்கே ஒரு கம்பெனிக் கண்ணாடிக்கும்
கட்டி முடியாத பதினெட்டு மாடிக்கும் நடுவில்
பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் நிலா,
ஷிப்டு முடிந்தும் வீட்டுக்குப் போகாத ஆள் மாதிரி.

அதைப் பார்த்துத்தான் எபநேசர் ஆரம்பித்தார்:
"அங்க எவனும் போகலைம்மா."

எபநேசருக்கு மாரத்தஹள்ளியில் ஏ.டி.எம். காவல்.
ஆள் வராத நேரமெல்லாம் போனில் வீடியோ.
கொடி ஆடியதாம். வானத்தில் ஒரு நட்சத்திரம் இல்லையாம்.
நிழல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தனவாம்.
"நம்ம சைனைடு மேட்டுல சண்டை சீன் எடுக்கறான், டூயட் எடுக்கறான்.
ஒரு கேமரா, நாலு லைட்டு குடு,
சாயங்காலத்துக்குள்ள உனக்கு நிலா காட்டறேன்."

பெட்டியே சிரித்தது. நானும்தான்.

முருகேஷ்பாளையாவில் ஒரு ஷெட்டில்
செயற்கைக்கோளுக்குப் போர்வை தைக்கிறேன் நான்.
தங்கம் போல் மின்னும் தாள், தங்கம் இல்லை,
பத்துப் பதினைந்து அடுக்கு, நடுவே வலை.
விரல்ரேகை பட்டால் அத்தனையும் வீண்.
தடுக்கக் காற்று இல்லாத இடத்தில்
ஒருமுறை அசைத்த துணி லேசில் அடங்காது என்று
இன்ஜினியர் சொன்னதைச் சொன்னேன்.
வடைக்காரர் குறுக்கே போனார்.
யார் காதிலும் விழவில்லை.

"சரி, போனாங்கன்னே வை.
அப்பறம் ஏன் ஒருத்தனும் இறங்கலை?
அம்பது வருஷமா?
போன வழி மறந்துடுமா?"

இதற்குப் பதில் இல்லை பெட்டியில்.
மடியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த லோகநாயகி
தலை நிமிராமல் கேட்டாள்:

"உங்கப்பா எந்த லெவல்?"
"தொண்ணூத்தெட்டு. சாம்பியன் ரீஃப்."
"மைன்ஸ் மூடினப்பறம் யாராவது அங்க இறங்கினாங்களா?"
"எப்படி இறங்குவான்? கழுத்து வரைக்கும் தண்ணி நிக்குது. கூண்டே இல்லை."
"அப்ப உங்கப்பாவும் இறங்கலைன்னு வெச்சிக்கலாமா?"

ஒரு மொச்சை தரையில் உருண்டு
அவர் ஷூவில் முட்டி நின்றது.
எபநேசர் அதை எடுத்து
அவள் முறத்தில் போட்டார்.
அவர் வீட்டு பீரோ மேல் இன்னும் இருக்கிறது
அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே,
பனி மூட்டமாக.
நிலாவிலிருந்து திரும்பியவர்களும்
கப்பலுக்குள் தும்மினார்களாம்.
அந்தத் தூசும் கண்ணாடித் தூள் போலக் கூர்மையாம்.
எங்கோ படித்தேன். அப்போது சொல்லத் தோன்றவில்லை.

டிப்ளமோ பையன் யுகேந்திரன் இயர்போனைக் கழற்றினான்.
"மறுபடி போறாங்க சார். இந்த வாட்டி தங்கறதுக்கு.
தென் துருவத்துல ஐஸ் இருக்கு. வீடு கட்டுவாங்க.
போகப் போக சுரங்கம்கூட."

சுரங்கம் என்றதும்
தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் விழித்தார்கள்.

"யாரு வெட்டறது?"
"ரோபோ."
"ரோபோ ரிப்பேர் ஆனா?"
பையன் யோசித்தான்.
"கான்ட்ராக்ட்ல ஆள் எடுப்பான்" என்றாள் லோகநாயகி.
"பி.எஃப். உண்டா?"
"ஒரு பகலே அங்க பதினாலு நாள்க்கா."
"ஐயையோ, அது ஒரே ஷிப்டா?"

மறுபடி சிரிப்பு. ஆனாலும் பார்த்தேன்,
மேல் பர்த்தில் கால் தொங்கவிட்டிருந்த ஒருவர்
விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார்,
நிஜமாகவே விண்ணப்பம் வாங்கப் போகிறவர் போல.

பச்சை விழுந்தது. வண்டி ஒரு குலுக்கலோடு நகர
எல்லோரும் கதவுக்கு முண்டினோம்.
எபநேசர் என் தோள் பக்கம் குனிந்தார்.
"போயிருப்பாங்கதான். விடு.
அந்தக் கொடிய யாரும்மா தைச்சது?
அத எந்த வீடியோலயும் சொல்லல."

தெரியவில்லை என்றேன்.

மெட்ரோ படிக்கட்டில் நின்று
போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன்.
மேல் ஓரத்தை மடித்து
கம்பி நுழைய வழி விட்டு
நீளமாக ஒரு தையல்.
நேராகத்தான் ஓடியிருக்கிறது.