துப்புரவு

அம்பகாமத்துக் காணி, அரை ஏக்கர்.
ஏழு மாதம் முழங்காலில் நின்று முடித்தோம்.
முடிவறிக்கையில் ‘கிளீன்’ என்று எழுதினேன்.
எமீர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி
மேலே ‘கிளியர்’ என்று போட்டார்.

அவருக்கும் அது தாய்மொழி இல்லை.
பொஸ்னியாக்காரர். வகுப்பில் படித்ததைவிட
வெடி கிண்டிய இடங்களில் படித்த ஆங்கிலம் கூட.
சொல்லுக்குச் சொந்தமில்லாத இரண்டு பேர்
தறப்பாளுக்குள் இருந்து மல்லுக்கட்டினோம்.

என்ன வித்தியாசம் என்றேன்.
தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பிடித்தார்.
“இது கிளியர். அங்கால்பக்கம் தெரியுது.
குடிக்கலாமோ எண்டு என்னட்டைக் கேக்காதை.”

தேத்தாங்கொட்டை உரைத்த குடத்தில்
கலங்கல் அடியில் படுத்துவிடும்.
முகம் தெரியும், வயிற்றோட்டமும் வரும்.
செட்டிகுளத்து முகாமில் பவுசர் ஊற்றிய தண்ணீரோ
சுண்ணாம்புபோல் கலங்கி, குளோரின் மணத்தது.
அது கிளீன். தாங்கியில் எழுதியும் ஒட்டியிருந்தார்கள்.

கருவிக்கு ஒரே சத்தம்தான்:
மிதிவெடிக்கும், மீன்ரின் மூடிக்கும்,
சைக்கிள் மணியின் தொப்பிக்கும்.
பக்கவாட்டில் சுரண்டி, தூரிகையால் தட்டி,
கண்ணால் கண்ட பிறகே பெயர்.
அப்படிப் பழகிய எனக்கு
ஒரு சொல் தவறியது வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது, எமீருக்குச் சொல்லவில்லை.
எனக்குப் பதினொரு வயதில்
ஆங்கிலச் செய்தியில் எங்கள் இடத்துக்குப் பெயர்
‘அன்கிளியர்ட்’.
அக்கா அகராதியில் தேடினாள்.
வானம் என்றால் முகில் கலைந்தது,
மேசை என்றால் பாத்திரம் எடுத்தது என்று இருந்தது.
நாங்கள் முகிலா பாத்திரமா என்று இல்லை.

கையளிக்கும் நாள் காணிக்காரர் வந்தார்,
புவிராசசிங்கம். உறுதி பொலித்தீன் பைக்குள்.
பத்திரத்தை வாசிக்கச் சொன்னார்.
அந்தச் சொல்லில் நாக்குத் தடக்கியது.

“அப்ப துப்புரவாய் ஒண்டும் இல்லையோ?”

எங்களிடம் இருப்பது ஒரு சொல்.
முற்றம் கூட்டினாலும் துப்புரவு,
காடு வெட்டினாலும் துப்புரவு,
அடியோடு இல்லை என்பதற்கும் அதே துப்புரவு.
மூன்றையும் சேர்த்துத்தான் கேட்டார்.
மூன்றையும் சேர்த்துத்தான் நானும் அன்றைக்கு எழுதியிருந்தேன்.

“ஒரு சாண் ஆழத்துக்கு இல்லை, ஐயா.”
“அதுக்குக் கீழை?”
“அதுக்குக் கீழை நாங்கள் பாக்கேல்லை.”

பாலையடியில் குந்தி
மண்ணில் கையை விரித்து அளந்தார்.
அவருடைய சாண் என்னுடையதைவிடப் பெரிது.
“கிணறு இருவது முழம் வெட்டவேணும், பிள்ளை.”

என்ன சொல்கிறார் என்று எமீர் கேட்டார்.
மொழிபெயர்க்க வாய் திறந்தேன்.
அந்த இரண்டில் ஒன்றும் வரவில்லை.

கையெழுத்து விழுந்தது.
‘குறிப்புகள்’ பெட்டி வெறுமையாகக் கிடந்தது.
சுகிர்தா வெள்ளைத் தடிகளைப் பிடுங்கிக் கட்டுகிறாள்,
அவள் பின்னாலேயே அவரின் மனைவி விளக்குமாறோடு வந்து
தடி நின்ற ஓட்டைகளைச் சேர்த்துக் கூட்டுகிறா.
அழுத்தாமல்,
மேலால் மட்டும்.