ஏலும்

அக்கரைப்பற்று, பெண்கள் வாட்டு.
இருபத்திரண்டு கட்டில், இருபத்தாறு பேர்.
இரவு பதினொன்றரைக்கு
கொழும்பிலிருந்து வந்த படிவத்தை
மருந்து ட்ரொலியின் மேல் விரிக்கிறேன்.

ஒன்றாம் வகை: தன்னைத்தானே பார்த்துக்கொள்வார்.
இரண்டு: கொஞ்சம் பிடித்துவிட வேண்டும்.
மூன்று: பாதிக்கு மேல் நாங்கள்.
நான்கு: எல்லாமே நாங்கள்.
வகைக்கு இத்தனை நிமிடம்.
நிமிடம் கூடினால் ஆள் கூடும்,
ஆளோடு காசும் வரும்.
பதினான்கு இரவு எழுதி அனுப்ப வேண்டும்.
இது ஒன்பதாவது.

படிவம் கேட்பதை நான் கேட்கிறேன்:
"தனிய எழும்பி நடக்க ஏலுமா?"
நாலாம் கட்டில் தெய்வானைப்பிள்ளை
சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்து
"ஏலும் மிஸ்ஸி" என்கிறா.
நேற்று இரண்டு மணிக்கு
கட்டில் கட்டிலாய்ப் பிடித்துக்கொண்டு
கக்கூசுக்குப் போனவ,
திரும்பி வரத் தெம்பில்லாமல்
கதவடியில் குந்தியிருந்தவ.
"ஏன் கூப்பிடல்ல?"
"ரெண்டு பேர்தானே மிஸ்ஸி நிண்ட நீங்க."

நாங்கள் இரண்டு பேர் என்பதால் அவவுக்கு ஏலும்.
அவவுக்கு ஏலும் என்பதால்
நாங்கள் இரண்டு பேர்.

ஏழாம் கட்டில் ஆசியாஉம்மா.
வலப்பக்கம் முழுக்க இழுத்துவிட்டது.
சோறு தீத்த ஆள் வேணுமா? மகள் இருக்கா.
உடம்பு துடைக்க? மகள்.
பெட்பான்? மகள்.
புரட்டிப் படுக்கவைக்க
மகளும், எதிர்க்கட்டிலுக்குத் துணைக்கு வந்த
பேர் தெரியாத ஒரு பிள்ளையும்.
எங்கள் கையால் ஆவது
ஊசி ஒன்று, குளிசை மூன்று.
படிவத்தின்படி இரண்டாம் வகை.

மகள் நிஸ்றியா
நிலத்தில் பாய் போட்டு
கட்டில் காலோடு தலை சாய்த்துத் தூங்குகிறா.
அட்டாளைச்சேனையில் தையல்கடை வேலை,
பதினோரு நாளாய்ச் சம்பளமில்லை.
அவவைக் கழித்துவிட்டு உம்மாவை எண்ணுவதா,
அவவோடு சேர்த்து எண்ணுவதா?
விளக்கக் குறிப்பு இரண்டு பக்கம்.
புரட்டிப் பார்த்தேன்.
மகள் இல்லை.

பதினோராம் கட்டில் ரொஸ்மேரி
நடப்பா, உண்பா, குளிப்பா,
சிறுநீர் அளவையும் தானே குறித்துவைப்பா.
ஒன்றாம் வகைக்கு உதாரணம் கேட்டால்
அவவின் படத்தை அனுப்பலாம்.
ராவில் மட்டும், சளியில்லாத ஓர் இருமல்.
யாராவது போய் "என்ன?" என்று கேட்டால் நிற்கும்.
கேட்க ஒன்றரை நிமிடம்,
இரவுக்கு ஆறு தரம்.
அதற்குப் பெட்டி இல்லை.

"எல்லாரையும் நாலில போடுங்க அக்கா,
ஆள் அனுப்புவாங்க" என்கிறாள் தர்மினி
பஞ்சு வெட்டிக்கொண்டே.
எனக்கும் ஆசைதான்.
ஆனால் எல்லா வாட்டும் நாலென்று எழுதினால்
நாலுக்கு என்ன மதிப்பு?
கீழே கையெழுத்தும் என்னுடையது.

அந்தியில் ஓய வேண்டிய கச்சான் காற்று
இன்னும் அடிக்கிறது.
ஜன்னல் அறைந்தது, படிவம் பறந்தது.
நாலாம் கட்டிலின் கீழே குனிந்து எடுக்கிறேன்.
என் பிடரியில் ஒரு துளி.
மெத்தை நனைந்து சொட்டுகிறது.
மேலே தெய்வானைப்பிள்ளை
விழித்த கண்ணை இறுக்க மூடிக்கொண்டு
தூங்குகிறா.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தர்மினி தூக்க, நான் விரிப்பை உருவ,
மணிக்கூட்டைப் பார்த்தேன்: பதினான்கு நிமிடம்.
ஒரு சொல்லும் பேசாமல் மூன்று பேர்.
ஒன்றை வெட்டி மூன்று என்று எழுதினேன்.
இது பொய்யில்லை.
அவவின் பொய்யைத் திருத்தியதுதான்.

கூட்டிப் பெருக்கிப் பிரித்தால்
இந்த இரவுக்குத் தேவை
ஐந்து புள்ளி நாலு தாதியர்.
இருப்பது இரண்டு.
மீதி மூன்று புள்ளி நாலைத் தேடி
வாட்டை ஒரு தரம் பார்த்தேன்.
நிலத்தில் ஒன்பது பாய்.

கடைசிக் கேள்வி நோயாளிக்கு அல்ல, எனக்கு:
தற்போதைய ஆளணியுடன் கடமையை நிறைவேற்ற இயலுமா?
பேனை தன்பாட்டில் "இ" போட்டுவிட்டது.
பன்னிரண்டு வருடப் பழக்கம்.
"இ"யை வெட்டினேன்.
பக்கத்தில் எழுதினேன்: ஏலா.
அரசாங்கத் தமிழில்லை என்று திருப்பி அனுப்பட்டும்.

பதினோராம் கட்டில் இருமுகிறது.
தர்மினி எழும்பிவிட்டாள்.