அரைக்கம்பம்

நாற்பத்தோரு நாள் கொடி உறங்கியது,
காப்பித்தூள் டப்பாவுக்கும் என் காலுறைகளுக்கும் நடுவே.
நீருக்கடியில் நாடு என்று ஒன்று கிடையாது.
டீசல் வாடை உண்டு, அடுத்தவன் குறட்டை உண்டு.

மேலே வந்தோம். மூடியைத் திறந்ததும்
ஒரு வாளி பசிபிக் என் பிடரியில் விழுந்தது.
கொடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏணி ஏறினேன்.
நனைந்தால் விரியாது, முரண்டு பிடிக்கும்.

கிரிகினா தீவு மூடுபனியில் பாதிதான் தெரிந்தது.
அதற்கு இப்பால் மஞ்சள் மீன்படகு ஒன்று,
வலையை அள்ளிப் போட்டுவிட்டு சும்மா நின்றது.
அதன் கொடி உச்சியிலும் இல்லை, கீழேயும் இல்லை.

"வணக்கமா, துக்கமா?" என்றார் லெப்டினன்ட் உந்துர்ராகா
தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல்.
எனக்கும் தெரியவில்லை.
போர்க்கப்பலைக் கண்டால் மற்ற படகுகள் கொடி தாழ்த்தும்,
நாங்கள் பதிலுக்குத் தாழ்த்தும்வரை காத்திருக்கும்.
சாவு விழுந்த படகும் அப்படியேதான் தெரியும்.
அதற்குக் காத்திருக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

வானொலியில் கூப்பிட்டோம்.
இரைச்சல் வந்தது.

நீர்மூழ்கி பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல.
அதன் முதுகு வழுக்கும், ஆள் விழுவான்,
சும்மா போனால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.
லெப்டினன்ட் அதைத்தான் எடுத்துச் சொன்னார்.
கேப்டன் பாஸ்குன்யான் கேட்டுக்கொண்டார்.
கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.
"நம் கொடியே இன்னும் ஏறவில்லையே, மில்லாகூரா.
வணக்கமோ துக்கமோ, எதுவானாலும்
உச்சிக்குப் போய்த்தான் இறங்க வேண்டும்.
ஏற்று."

ஏற்றினேன். ஒரு கை இடுப்புக் கொக்கியில்,
ஒரு கையும் பல்லும் கயிற்றில்.
பாதித் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளைபோல் அது உதறியது.
ஒற்றை நட்சத்திரம் போய் உச்சியில் இடித்தது.
"இறக்கு."
இறக்கினேன், பாதிவரை.

ஒரு வணக்கத்துக்கு மூன்று மூச்சு போதும்.
ஏழு எண்ணினேன். பன்னிரண்டு எண்ணினேன்.
கயிறு உள்ளங்கையை அறுத்தது.
ஏற்று என்ற சொல் வரவில்லை.
திரும்பினேன். கேப்டன் படகைப் பார்க்கவில்லை.
காலடியில் திறந்து கிடந்த மூடியைப் பார்த்திருந்தார்.
அதன் வழியே வெங்காயம் வதங்கும் மணம் வந்தது,
சமையல்காரர் எலியேசரின் சீழ்க்கையும்.

படகில் ஒருத்தி கம்பளித் தொப்பியைக் கழற்றினாள்.
பக்கத்தில் நின்றவனும்.

"ஏற்று."

தல்காவானோ துறையில் கயிறு கட்டி முடிக்குமுன்
கேப்டன் எலியேசரை மட்டும் தனியே அழைத்துப்போனார்.
பத்தொன்பது நாள் தன் சட்டைப்பையில் கிடந்த தாளை
அப்போதுதான் வெளியே எடுத்தார்.
அதுவும் எங்கள் வழக்கம்தான்.
கெட்ட சேதி கரை தொடும்வரை மூழ்கியே இருக்கும்.
எலியேசர் அதை வாங்கவில்லை.
ஏப்ரனை அவிழ்த்தார், மூலைக்கு மூலை சேர்த்து
மடித்தார், மறுபடி மடித்தார்,
மடிக்க இடமில்லாமல் போகும்வரை.

ஞாயிறன்று தோமே கரையில் அந்த மஞ்சள் படகு.
கொடி இன்னமும் அதே இடத்தில்.
தொப்பிக்காரி மீன்குடல் அலசிக்கொண்டிருந்தாள்.
தயங்கித் தயங்கி, யார் போனது என்றேன்.

"ஒருத்தரும் போகவில்லை.
கப்பி துருப்பிடித்து ஆகஸ்டிலிருந்து அங்கேயே நிற்கிறது."
கத்தியைத் தொடையில் துடைத்தாள்.
"உங்களில்தான் யாரோ என்று நினைத்தோம்,
அவ்வளவு நேரம் இறக்கி வைத்திருந்தீர்களே.
யார்?"

எலியேசரின் அண்ணன் என்றேன்.
ஓசியாஸ் என்று பெயர், லாரி ஓட்டியவர்.

கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தாள்.
பிறகு எண்ணெய்ப் புட்டியை நீட்டினாள்:
"கொடிக்காரன்தானே, ஏறு."

ஏறி, எண்ணெய் விட்டு, இறங்கி வந்தேன்.
கயிறு ஓடியது. உச்சிவரை ஏற்றினேன்.
அவள் தலையாட்டினாள், "இன்றைக்கு மட்டும்" என்றாள்.

பாதிக்கு இறக்கிக் கட்டினேன்.