வலது பின் ஸ்பீக்கர்

ஆம்ப்ளிஃபயர் கொம்தாரில் வாங்கியது, பழசு.
கடைக்காரர் இருநூற்று எண்பது சொன்னார்.
ஒலி கூட்டும் குமிழைத் திருகி
கரகரப்பைக் காட்டினேன்.
இருநூற்றுப் பத்துக்கு முடிந்தது.
கரகரப்புக்கு மருந்து
பாயான் லெப்பாஸில் என் மேசை மேலேயே இருக்கிறது,
ஒரு ஸ்பிரே, ஒரு நிமிடம்.
அதை அவரிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்?

நான்கு ஸ்பீக்கர்கள் ஒரே குடும்பம்.
நடு ஸ்பீக்கர் மட்டும் வேறு கம்பெனி, வேறு நிறம்,
கல்யாண போட்டோவில்
யார் வீட்டு ஆளென்று தெரியாமல் நிற்பவர் மாதிரி.
ஆனால் படத்தில் பேசுவதெல்லாம் அதுதான்.

"வயரைச் சொருகினா பாடாதா?
இதுக்கு எதுக்கு மூணு நாளு?"
சோஃபாவில் சாய்ந்தபடி குணசீலன்.
ஆறு நாள் பஸ் ஓட்டுகிறவர்,
ஏழாம் நாள் கழுத்தைக்கூடத் திருப்ப மாட்டார்.

பாடும்.
சிவப்பைக் கறுப்பில் சொருகினாலும் பாடும்.
ஒன்று முன்னால் தள்ளும்போது
இன்னொன்று பின்னால் இழுக்கும்.
நடுவில் மத்தளம் காணாமல் போகும்,
ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றும்,
என்னவென்று யாருக்கும் தெரியாது.

சுவர்க் கடிகாரத்தை நிறுத்தி
அதன் பேட்டரியால் ஒவ்வொரு வயரையும் தொட்டேன்.
கூம்பு வெளியே வந்தால் சரி.
நான்கு வந்தன.
ஒன்று உள்ளே போனது.
மாற்றினேன்.
கடிகாரம் அன்று முழுக்க
பதினொன்றே காலிலேயே நின்றது.

டிவி இன்னும்
கடையில் நிற்கப் போட்ட மேக்கப்பைக் கலைக்கவில்லை.
புல் பச்சையாக இல்லை, கத்தியது.
சினிமா என்றிருந்ததைத் தட்டினேன்.
"எல்லாருக்கும் மஞ்சக்காமாலை" என்றார்.
இரண்டு நாள் பொறுங்கள் என்றேன்.
இரண்டாம் நாள் தங்கை வீட்டுக்குப் போனவர்
அங்கே டிவியைப் பார்த்து
ஏன் எல்லாரும் நீலமாக இருக்கிறார்கள் என்று
கேட்டுவிட்டு வந்தார்.

பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கேபிள்,
அங்கிருந்து டிவிக்கு ஒன்று.
போன வழியே சத்தம் திரும்பி வரும் துளை
மூன்றில் ஒன்றுதான்.
பொடி எழுத்து.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படித்தேன்.
டிவியின் சொந்த வாயை அடைத்தேன்.

கடைசியில் சப்வூஃபர்.
அதை எங்கே வைப்பதென்று அறிய
நாம் உட்காரும் இடத்தில் அதை உட்காரவைத்து
நாம் தரையில் தவழ வேண்டும்.
குணசீலனை எழுப்ப எனக்கு வேறு வழி கிடைத்ததில்லை.

நாற்பத்தாறு வயதில் தவழ்ந்தேன்.
மகன் யுகேந்திரன் வீடியோ எடுத்தான்.
கதவோரம் ஒரே கும்மென்ற குழப்பம்.
சமையலறை வாசலில் ஒன்றுமே இல்லை.
சாமி அலமாரிக்குக் கீழே
அடி அடியாக, தனித்தனியாக,
விரல் விட்டு எண்ணலாம்.

"சாமிக்குக் கீழயா?"
"சாமி மேலதானே இருக்கு."

கீழ்வீட்டு மிஸஸ் தியோ
துடைப்பக் கம்பால் தன் கூரையை
இரண்டு முறை தட்டினார்.
அதுவும் மிகத் தெளிவாகக் கேட்டது.
பழைய யோகா பாயை நான்காக மடித்து
அடியில் கொடுத்தேன்.

இரவு படம் போட்டோம்.
கதையில் மழை பிடித்தது.
குணசீலன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
வலது தோளுக்குப் பின்னால் கையைக் காட்டி
"இங்க பெய்யுது பாரு,
தகரத்துல விழுற மாதிரியே" என்றார்.
இருபது வருடத்தில் நான் செய்த எதையும்
அவர் இப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

கதையில் வெயில் வந்த பிறகும்
வலது பின்பக்கம் பெய்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு ஓடினேன்.
பாயா தெருபோங் குன்று தெரியவில்லை.
கார் நிறுத்துமிடத்துத் தகரம் முழங்கியது.
மூங்கில் கழியில்
மறுநாள் காலைக்கான அவர் யூனிஃபார்ம்
சொட்டிக்கொண்டிருந்தது.

பிழிந்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன்.
நான் தவழ்ந்ததில் கால் பட்டிருக்க வேண்டும்.
வலது பின் ஸ்பீக்கரின் வயர்
கழன்று கிடந்தது
சோஃபாவுக்குப் பின்னால்,
செம்பு தெரிய.

குனிந்து சொருகினேன்.
சிவப்பில் சிவப்பு.

"என்ன?" என்றார்.
"ஒண்ணுமில்ல,
இன்னும் கொஞ்சம் சரி பண்ணினேன்" என்றேன்.