நாலு ஊருக்கு மார்க்

கிழித்த தினத்தாளின் பின்பக்கம்
குணசீலன் கோடு போட்டான்.
ஆவடி, பொன்னேரி, மீஞ்சூர்,
கடைசியில், பேனா கொஞ்சம் நின்று,
திருவொற்றியூர்.
வாடகை, தண்ணீர், ரயில், ரோடு.
பத்துக்கு எத்தனை, நீயே சொல் என்றான்.

ஆவடித் தண்ணீருக்கு எட்டு.
போன மாதம் அங்கே ஒரு வீட்டில் குழாயைத் திறந்து
உள்ளங்கையில் பிடித்துக் குடித்தேன்.
வீட்டுக்காரம்மா பதறிப்போனார்:
"நாங்களே காய்ச்சித்தாம்மா குடிப்போம்."
ஆறாக்கினோம்.

பொன்னேரியில் தெருவுக்கு வானம் அதிகம்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஆறே முக்கால் வண்டியை விட்டால்
பாரிமுனையில் என் பில்லிங் கவுண்டரில்
வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.
ரயிலுக்கு நாலு. வானத்துக்கு ஒன்றுமில்லை.

மீஞ்சூர், வாடகை ஒன்பது, ரோடு மூன்று.
அங்கே நிற்கிற கன்டெய்னர் லாரிதான்
இங்கே எங்கள் தெருமுனையிலும் நிற்கிறது,
டிரைவர்கள் பக்கக் கண்ணாடியில் லுங்கி காயப்போட்டு
முட்டை உடைத்து ஊற்றுகிறார்கள்.
ஒரே வரிசை.
வாலில் குடியிருப்பதா வயிற்றிலா
என்பதற்குத்தான் இத்தனை கோடு.

எங்கள் ஊர் வந்ததும்
மெட்ரோ ஒன்பது என்று வேகமாக எழுதினான்.
காற்று என்று ஒரு கட்டம்
நானும் கேட்கவில்லை, அவனும் போடவில்லை.

காற்றுக் கணக்கு வேறே.
மணலியில் என் அக்கா புஷ்பலீலா.
மேற்கே இருந்து அடித்தால் வாடை எங்களுக்கு,
கடலில் இருந்து அடித்தால் அவளுக்கு.
மாடித் துணி மணலிப் பக்கம் பறக்க ஆரம்பித்தால்
போன் போடுவேன்:
"அனுப்பிட்டேன்கா, வாங்கி வெச்சுக்கோ."
"இருடி, காலைல ரிட்டர்ன் பண்றேன்."
பதினோரு வருஷமாக இதே ஜோக்.
இப்போதெல்லாம் நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
ஜெமிமா இருமத் தொடங்கிவிடுகிறாள்.

நேற்று மத்தியானம்
புரோக்கர் இம்தியாஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிவந்தார்.
அத்திப்பட்டிலிருந்து.
ஜெமிமாவை மாடிக்கு அனுப்பினேன்.
பிரிட்ஜ் மேல் இருந்த நெபுலைசரின் மேல்
பூப்போட்ட டவல், நான் போட்டதுதான்.

மனிதர் பாத்ரூமைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார்.
அந்தப் பெண் எதையும் பார்க்கவில்லை.
ஜன்னல் கட்டையை ஒரு விரலால் இழுத்து
விரலை வெளிச்சத்தில் பிடித்தாள்.
"சாம்பலே இல்லைங்க," என்றாள் அவரிடம்,
நகைக்கடையில் சேதாரம் இல்லை என்று கேள்விப்பட்டவள் போல.

அந்தக் கட்டையை நான் துடைத்து நாலு நாள்.
அதில் தூசி இருந்தது.
அவளுக்கு அது தூசி மட்டும்தான்.

"இவ்ளோ நல்ல வீட்ட எதுக்குக் காலி பண்றீங்க?"
"வேலை மாத்தல்," என்றான் குணசீலன்.
பதினாறு வருஷமாய் ஒரே துறைமுகம்,
ஒரே கிரேன்.
இம்தியாஸ் கூரையைப் பார்த்தார்.

டவலை எடுத்தேன்.

ஏன் என்று தெரியாது. அட்வான்ஸ் பேசி முடியவில்லை,
ஆவடிக்கு அந்தப் பணம்தான் போகவேண்டும்.
குணசீலன் என் முகத்தைத் தேடினான், நான் தரவில்லை.

அவள் பிரிட்ஜ் அருகே போனாள்.
மாஸ்க்கின் எலாஸ்டிக்கைச் சுண்டிப் பார்த்தாள்.
"எங்களுது வேற கம்பெனி," என்றாள்.
"ஓவர் சத்தம். பெரியவன் தூக்கத்துல அழுவான்.
இது எவ்ளோ ஆச்சு?"

சொன்னேன்.
தலையாட்டினாள், மனதில் எழுதிக்கொண்டது மாதிரி.
பிறகு, வாடகையைப் பற்றி அல்ல,
"கடல்காத்து எந்த ஜன்னல்ல வரும்?"

சமையலறை ஜன்னல்.
உப்பில் கொக்கி இறுகிக் கிடந்தது.
அவள் ஒரு கதவை, நான் ஒரு கதவை,
தோளைக் கொடுத்துத் தள்ளினோம்.

மணி மூன்றரை இருக்கும்.
மாடியில் துணி மணலிப் பக்கம் பறந்திருக்கும்.
அக்காவுக்கு நான் போன் போடவில்லை.